எண் இல்லாத வண்டி

பண்டை நாளில் தேருக்கு அடையாளம் கொடியே ஆகும். சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் அமைந்திருந்தன. பாரதப் போரில் அருச்சுனன் தேர்மேல் அனுமன் இருந்தான். கொடியைக் கண்ட மாத்திரத்தில் வருபவன் இன்னான் என்பதை ஊரார் உணர்ந்து வழிவிட்டனர். தேரிலே எண் எழுதிய பலகை ஒன்றை மாட்டுதல் வேண்டும் என்று எந்த மன்னனிடமும் எவரும் விண்ணப்பித்ததாகச் செய்தி இல்லை. விண்ணப்பித்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

அத்தகைய விண்ணப்பம் ஒன்று நம் காலத்தில், நாம் குடியேறி வாழும் இத் தில்லி மாநகரிலேயே, உயர்நீதி மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், மாநில ஆளுநர்கள் முதலியோரின் மோட்டார்களில் அப்போது பதிவு எண் இருந்ததில்லை. எண் இருக்கவேண்டிய இடத்தில் நான்முகச் சிங்கச் சின்னமே பொலிந்தது. இது சட்டத்துக்குப் பொருந்துமா என்று ‘நியாயபூமி’ என்னும் தொண்டு நிறுவனம் வினவிற்று. 2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், தற்காலிகத் தலைமை நீதிபதி கீதா மிட்டலும் நீதிபதி ஹரிசங்கரும் அமர்ந்த ஆயம் தீர்ப்பு அளித்தது. அத் தீர்ப்புக்குப் பின்னர் வருவோம். கொடியின் இடத்தை எண் எவ்வாறு பிடித்தது, அவ்வெண் இல்லாதபோதும் சிதைந்தபோதும் சட்டம் என்ன செய்கிறது, அதனால் துன்புறுவோர் யாவர் என்பவற்றை முதற்கண் ஆராய்வது நலம்.

மோட்டார் வண்டிக்குப் பலகை மாட்டும் வழக்கம் பிரெஞ்சு நாட்டுத் தலைநகராகிய பாரிஸில் தோன்றியது. 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் அந்நகரத்துப் போலீஸ் அதிகாரி பிறப்பித்த கட்டளைப்படி, ஒவ்வொரு மோட்டாரும் உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் அனுமதி எண்ணையும் தாங்கிய உலோகத் தகட்டைத் தன் இடப்புறத்தில் ஏந்தவேண்டும்; அத் தகடு ஒருபோதும் மறைக்கப்படலாகாது. இக் கடைசி வாசகத்தை நேயர்கள் உற்று நோக்குதல் வேண்டும். பலகை பிறந்த அன்றே அதனை மறைக்க முயல்வோரும் இருப்பர் என்பதைச் சட்டம் செய்தவர்கள் அறிந்திருந்தனர்.

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டு மோட்டார்ச் சட்டம் நிறைவேறி, 1904 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. லண்டனில் ஏ 1 என்னும் முதல் எண்ணைப் பெற்றவர் ரஸ்ஸல் பிரபு. அதற்காக இரவெல்லாம் காத்துக் கிடந்தார் என்பர். எண் மறைந்திருந்தால் ஓட்டியவர் குற்றவாளி. ஆயினும், மறையாதிருக்கத் தம்மால் இயன்ற எல்லாம் செய்ததாக அவர் மெய்ப்பித்தால் விடுவிக்கப்படலாம் என்று அச் சட்டம் ஒரு வழியும் வைத்தது. சேறும் புழுதியும் நிறைந்த சாலைகளில் ஓடிய வண்டிகளுக்கு அது நியாயமான சலுகைதான். கெடு நினைப்பையும் கெட்ட சாலையையும் பிரித்துப் பார்க்கும் அறிவு அதில் தெரிகிறது. பிற்காலத்தில் நம் நாட்டில் எழுந்த சட்டங்களில் இந்த நயம் இத்துணைத் தெளிவாக இடம்பெறவில்லை என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறோம்.

இந்தியாவில் முதலில் மாகாணங்கள் தனித்தனியே சட்டம் செய்துகொண்டன. வங்காளமும் பம்பாயும் முந்திக்கொள்ள, சென்னை 1907-ஆம் ஆண்டில் தன் மோட்டார் வண்டிச் சட்டத்தை இயற்றிற்று. சென்னையின் எம்.சி. 1 என்னும் எண் துறைமுகத்தை உருவாக்கிய பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் மோட்டாருக்கு வாய்த்தது என்று சென்னை வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். 1911 டிசம்பர் 12-இல் தில்லி தலைநகராக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அக்டோபரில் தனி மாகாணம் ஆயிற்று. புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டி அரண்மனைகளை எழுப்பத் தொடங்கிய அக் காலத்திலேயே, நாடு முழுமைக்கும் பொதுவான இந்திய மோட்டார் வண்டிச் சட்டம் 1914-இல் வந்தது. ஆகவே தில்லி மாகாணமும் இந்நாட்டின் பொது மோட்டார்ச் சட்டமும் ஏறக்குறைய ஒத்த வயதினர்.

எனினும், இன்றைய நிலைக்கு அடித்தளம் இட்டது 1939-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன் 22-ஆம் பிரிவு, வண்டி பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்று கூறியதோடு நில்லாமல், பதிவு எண்ணை விதித்த முறைப்படி வெளியே காட்டுதலும் வேண்டும் என்று ஒரே மூச்சில் கூறிவிட்டது. மாகாணம்தோறும் எழுத்துகளும் வகுக்கப்பட்டன. சென்னை மாகாண வண்டிகள் எம்.டி., எம்.எஸ். என்றும், பின்னர்த் தமிழ்நாடு என்ற பெயர் வந்தபின் டி.எம்., டி.என். என்றும் தொடங்கின. தில்லி வண்டிகள் டி.எல். என்றும், எண்கள் பெருகப் பெருக டி.எச். முதலாகப் பல எழுத்துகளிலும் தொடங்கின. விதிகளை மீறியோர்க்கு, தனித் தண்டனை சொல்லப்படாத இடங்களில், முதன்முறை இருபது ரூபாய் வரை அபராதம் என்றது அச் சட்டம். இருபது ரூபாய் அக்காலத்தில் ஏவலாளர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒப்பாகலாம். மோட்டார் வைத்திருந்த செல்வருக்கோ பெட்ரோல் செலவு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் 1989 ஜூலை முதல் நாள் முதல் நடைபெறுகிறது. மாநிலத்துக்கு ஈரெழுத்து, அலுவலகத்துக்கு எண், பின்னர்த் தொடர் எழுத்துகள், இறுதியில் நான்கு இலக்கம் என்ற இன்றைய முறை அதனோடு வந்தது. தில்லிப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அது ஒரு ஜாதகம் போன்றது. டி.எல். 1 என்றால் மால் ரோடு, டி.எல். 3 என்றால் ஷேக் சராய், டி.எல். 7 என்றால் நம்மவர் மிகுதியாக வாழும் மயூர் விகார். அடுத்து ‘சி’ என்னும் எழுத்து வந்தால் கார், ‘எஸ்’ வந்தால் இருசக்கர வண்டி, ‘ஆர்’ வந்தால் ஆட்டோ. வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து சொந்த வண்டி; மஞ்சளில் கருப்பு வாடகை வண்டி; பச்சையில் எழுத்து வந்தால் மின்சார வண்டி; சாணக்கியபுரிப் பக்கம் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தோடு செல்பவை வெளிநாட்டுத் தூதரக வண்டிகள். மத்திய மோட்டார் வண்டி விதிகளின் 50-ஆம், 51-ஆம் விதிகள் இவற்றின் அளவையும் வகுக்கின்றன. காரில் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கனம் 10, இடைவெளி 10. இருசக்கர வண்டியின் பின்பலகையில் உயரம் 35, கனம் 7, இடைவெளி 5. கலை நயத்தோடு எழுத்தை வளைத்து எழுதுவோர் இவ்வளவுகளை நினைவிற் கொள்வது நல்லது.

இனிச் சட்டத்தின் உள்ளீட்டுக்கு வருவோம். எண் பலகை இல்லாமலோ, உடைந்தோ, அழிந்தோ இருந்தால் என்ன தண்டனை என்று கேட்டால், விடை ஒன்றல்ல, இரண்டு. 1939-ஆம் ஆண்டின் பழைய வாசகம் புதிய சட்டத்தின் 39-ஆம் பிரிவிலும் அப்படியே குடியேறிவிட்டது. பதிவு செய்யாத வண்டியும், பதிவு செய்தும் எண்ணை விதித்தபடி காட்டாத வண்டியும் அப் பிரிவில் அருகருகே நிற்கின்றன. ஆகவே, பலகை விழுந்துபோன வண்டியைப் பதிவே இல்லாத வண்டியாகக் கருதி, 192-ஆம் பிரிவின்படி முதற் குற்றத்துக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுமுறை செய்தால் ஐயாயிரத்துக்குக் குறையாமல் பதினாயிரம் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 207-ஆம் பிரிவின்படி வண்டியையே பிடித்து நிறுத்தவும் போலீசாருக்கு அதிகாரம் உண்டு.

மற்றொரு வழி 177-ஆம் பிரிவு. பலகையின் எழுத்து சிறிது, நிறம் பிழை, ஓரம் உடைந்துள்ளது, இவை விதியை மீறியனவே அன்றிப் பதிவின்மை ஆகா என்று கொண்டால், இந்தப் பொதுப் பிரிவே பொருந்தும். அதன் அபராதம் நூறு, முந்நூறு என்று இருந்தது. 2019 செப்டம்பர் முதல் நாளிலிருந்து ஐந்நூறு, ஆயிரத்து ஐந்நூறு என உயர்ந்தது. ஆக, ஒரே நசுங்கிய தகட்டுக்கு ஐந்நூறு ரூபாயும் கேட்கலாம், ஐயாயிரமும் கேட்கலாம். எந்தப் பிரிவு என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் அலுவலர் முதலில் தேர்ந்தெடுக்கிறார். மறுப்பவர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்பது உண்மையே. ஆனால் ஒரு நாள் கூலியை இழந்து கோர்ட்டு வாசலில் நிற்க எத்தனை பேரால் இயலும்? பின்னால் வந்த லாரி இடித்துத் தகடு நெளிந்தவனையும், காமிராவுக்கு அஞ்சித் தகட்டை வேண்டுமென்றே வளைத்தவனையும் சட்டம் எழுத்தளவில் வேறுபடுத்திக் காட்டவில்லை. இது குறையே என்பது நம் கருத்து.

எண்ணை மாற்றுவது வேறு குற்றம். பிறர் எண்ணைத் தன் வண்டியில் பொருத்துவோர், திருட்டு வண்டிக்குப் பொய் எண் இடுவோர் ஆகியோரை மோட்டார்ச் சட்டத்தோடு விடுவதில்லை. ஏமாற்று, போலி ஆவணம் முதலிய குற்றங்களுக்காக, முன்னர் இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படியும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையின்படியும் வழக்கு நடைபெறும். அதற்குரிய தண்டனை ஆண்டுக் கணக்கில் சிறைவாசம்.

ஒரு சிறு தகட்டுக்கு இத்தனை ஆரவாரம் ஏன் என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் திருவாரூர்க் கதையே விடை. மனுநீதிச் சோழனின் மைந்தன் ஊர்ந்த தேர்க்காலில் கன்று ஒன்று மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. நீதி கிடைத்தது. அம் மன்னனின் சிலை சென்னை உயர்நீதி மன்ற வளாகத்தில் நிற்கிறது. ஆனால் அக் கதையில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு செய்தி உண்டு: தேர் எவனுடையது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அது தெரியாமல் தேர் விரைந்து மறைந்திருந்தால், மணி எத்தனை முறை ஒலித்தாலும் மன்னன் யாரைத் தண்டித்திருப்பான்?

இன்றைய சட்டத்தில் இது வெறும் கதையன்று, பணக் கணக்கு. 1946 ஜூலை முதல், மோட்டாரால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு இன்சூரன்ஸ் எடுப்பது கட்டாயம். இடித்த வண்டியின் எண் தெரிந்தால் உரிமையாளர் தெரிவார். உரிமையாளர் தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தெரியும். இறந்தவரின் வயதையும் வருவாயையும் கணக்கிட்டு நடுவர் மன்றம் இழப்பீடு வழங்கும். அது பல இலட்சங்களாகவும் அமையலாம். எண் தெரியாவிட்டால் இக் கதவு அடைபடுகிறது. 1982-ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அத்தகையோர்க்கு முதன்முதலாக ஒரு நிலையான உதவித்தொகையை வகுத்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உயிரிழப்புக்கு 8,500 ரூபாய். 1994-இல் 25,000 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இரண்டு இலட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். இருபத்தெட்டு ஆண்டுகள், 1994 முதல் 2022 வரை, இடித்தவர் யார் என்று தெரியாமல் இறந்த ஒரு மனிதனுக்காக அவன் குடும்பம் பெற்றது இருபத்தையாயிரமே. குடும்பத்தைக் காத்துவந்த ஒருவர் இரவில் சாலையைக் கடக்கும்போது அடிபட்டு இறக்கிறார் என்று கொள்வோம். பார்த்தவர் ஒருவர் நான்கு இலக்கங்களைச் சொல்ல முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அவர் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. புழுதியும் சேறும் மூடிய பலகையின் உண்மையான விலை இதுதான். ஐந்நூறு ரூபாய் அன்று.

இதற்குத் தில்லியே பெரும் சான்று ஒன்றை அளித்துள்ளது. 1999 ஜனவரி 10-ஆம் நாள் விடியுமுன், லோதி சாலையில் விரைந்து வந்த பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று, அங்கே நின்ற எழுவர்மீது மோதிற்று. அறுவர் மாண்டனர், அவர்களுள் மூவர் காவற் பணியில் இருந்த போலீசார். அக் கார் ஏந்தியிருந்தது தில்லி எண் அன்று. எம் 312 எல்.ஒய்.பி. என்னும் வெளிநாட்டு எண். போலீசார் காரைக் கண்டுபிடித்தது அவ்வெண்ணைக் கொண்டன்று. உடைந்த வண்டியிலிருந்து ஒழுகிய எண்ணெய்க் கோட்டைப் பின்தொடர்ந்து சென்று, கோல்ஃப் லிங்க்ஸ் பகுதியில் ஒரு பங்களாவை அடைந்தனர். எண்ணெய் ஒழுகாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சஞ்சீவ் நந்தா வழக்கு என்று பெயர்பெற்ற அது பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. விசாரணை நீதிமன்றம் 2008-இல் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2009-இல் உயர்நீதி மன்றம் குற்றத்தையும் தண்டனையையும் குறைத்தது. 2012 ஆகஸ்டு 3-ஆம் நாள் உச்சநீதி மன்றம் குற்றத்தின் தரத்தை மீண்டும் உயர்த்தி, ஏற்கெனவே கழித்த சிறையே போதும் என்று கூறி, இரண்டாண்டுச் சமூகத் தொண்டும் ஐம்பது இலட்சம் ரூபாய்த் தொகையும் விதித்தது. தண்டனை போதுமா என்று அப்போது எழுந்த வாதத்துள் நாம் நுழையவில்லை. அந்த ஐம்பது இலட்சத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது என்பதே நமக்கு வேண்டுவது: வண்டியும் உரிமையாளரும் கண்டுபிடிக்கப்படாத விபத்துகளில் அடிபட்டவர்க்கு இழப்பீடு தருவதற்கு.

பலகையைப் பற்றிய சட்டம் இறுகியதற்கு விபத்தைவிட வெடிகுண்டே பெரிய காரணமாயிற்று. 1993 மார்ச் 12-இல் பம்பாய் நகரம் தொடர் குண்டுவெடிப்பால் அதிர்ந்தபோது, வொர்லிப் பகுதியில் ஆயுதங்களோடு கைவிடப்பட்ட மாருதி வேன் ஒன்று கிடைத்தது. எம்.எஃப்.சி. 1972 என்னும் அதன் எண், மாஹிமிலுள்ள அல்-ஹுசைனி என்னும் குடியிருப்புக்கு இட்டுச் சென்றது. சதியின் நூல் அங்கிருந்தே பிரிந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 11-இல் தில்லி ரைசினா சாலையில், இளைஞர் காங்கிரஸ் அலுவலகத்தின் முன் கார்க்குண்டு வெடித்து ஒன்பது பேர் மாண்டனர். அவ்வமைப்பின் தலைவராக இருந்த மனீந்தர்ஜித் சிங் பிட்டா காயத்தோடு உயிர் தப்பினார். பெயிண்டரிடம் சில ரூபாய் கொடுத்தால் எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலையில், எண் என்பது நம்பத்தக்க சாட்சி ஆகுமா என்ற வினா எழுந்தது.

அதன் விளைவாக 2001 மார்ச்சில் 50-ஆம் விதி திருத்தப்பட்டு, உயர் பாதுகாப்புப் பலகை என்னும் புதுத் தகடு விதிக்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. மூலையில் அசோகச் சக்கரம் பொறித்த, இருபது மில்லிமீட்டர்ச் சதுரமான ஒளிப்படம். லேசர்க் கதிரால் பொறித்த தனி எண். எழுத்தின் மேல் சாய்வாக ஓடும் ‘இந்தியா’ என்னும் சொல். கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. அவ்வாண்டு டிசம்பர் 13-இல், உள்துறை அமைச்சகத்தின் போலிச் சீட்டை ஒட்டிய வெள்ளை அம்பாசடர் காரில் ஆயுதந் தாங்கியோர் நாடாளுமன்ற வளாகத்துள் புகுந்தனர். தகட்டின் அவசரம் அதன்பின் யாருக்கும் விளக்கத் தேவைப்பட்டிருக்காது. ஆயினும், யார் இத் தகட்டைச் செய்து விற்பது என்ற டெண்டர் வழக்கே 2004 நவம்பர் வரை நீண்டது. அதன்பிறகும் மாநிலங்கள் அசையவில்லை. குண்டுக்குத் தப்பிய பிட்டாவே உச்சநீதி மன்றத்தை அணுகினார். ஆண்டுக்கணக்கில் உத்தரவு மேல் உத்தரவு பிறந்து, கண்டனமும் விழுந்தபின்னரே, 2012-இல் தில்லியில் இத் தகடு நடைமுறைக்கு வந்தது. விதி எழுதியதற்கும் தகடு ஏறியதற்கும் இடையே பதினோர் ஆண்டுகள்.

2018-இல் மற்றொரு கடமையும் சேர்ந்தது. தலைநகரின் மாசுக் காற்று பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், வண்டியின் கண்ணாடியில் பெட்ரோலுக்கும் சி.என்.ஜி. வாயுவுக்கும் இளநீலம், டீசலுக்குச் செம்மஞ்சள் என வண்ணச் சீட்டு ஒட்டும் திட்டத்தை உச்சநீதி மன்றம் ஏற்றது. 2019 ஏப்ரல் முதல் புதிய வண்டிகள் உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தகட்டோடே வரவேண்டும் என்றாயிற்று. பழைய வண்டிகளின் மீது தில்லி அரசு 2020 டிசம்பர் நடுவில் கை வைத்தது: தகடும் சீட்டும் இல்லாதவர்க்கு 5,500 ரூபாய் சலான். அதற்கு முன்னரே தகட்டுக்குப் பதிவு செய்வோர் திரண்டமையால் முறை தடுமாறி, கெடுபிடி ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டதும் உண்டு. வரிசை அமைக்கும் முன்னர்த் தண்டத்தை அறிவிப்பது நம் ஆட்சியில் புதிதன்று.

இனி அந்தச் சிங்கச் சின்னத்துக்கு வருவோம். அரசுச் சின்னத்தின் முறையற்ற பயனைத் தடுக்கும் சட்டம் 2005-இலும், அதன்கீழ் விதிகள் 2007-இலும் வந்தன. உயர் பதவியாளர் சிலரின் கார்களில் சின்னம் பொறிக்க அவ்விதிகள் இடம் தருகின்றன. சின்னம் இருக்கலாம், ஆனால் எண் வேண்டாம் என்று அவை எங்கும் சொல்லவில்லை. நியாயபூமியின் வாதம் எளியது: சின்னம் மட்டும் உள்ள கார் ஒருவரை இடித்தால் அவர் யார்மீது வழக்குத் தொடுப்பார்? அன்றியும், எண்ணுக்குப் பதில் சின்னம் இருப்பது பயங்கரவாதிக்கு இன்னார் வருகிறார் என்று விரலால் சுட்டிக் காட்டுவது போலாகாதா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவ்வாதத்தை எதிர்க்கவில்லை. எல்லா வண்டிகளையும் பதிவு செய்து எண்ணைக் காட்டுமாறு எழுதியுள்ளோம் என்றே தெரிவித்தது. குடியரசுத் தலைவர் உள்ளிட்ட அனைவரின் கார்களும் பதிவு எண்ணைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்று உயர்நீதி மன்றம் கூறிற்று. பிரிட்டனில் மன்னரின் அரசுக் கார்களுக்கு இன்றும் எண் பலகை கிடையாது; அங்கே சட்டமே மன்னர் பெயரால் நடைபெறுகிறது. குடியரசில் அந்தக் காரணம் செல்லாது அன்றோ?

எண்ணுக்குத் தில்லியில் வேறொரு வாழ்வும் வந்தது. 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும், மீண்டும் 2019 நவம்பரிலும், ஒற்றைப்படை நாளில் ஒற்றைப்படை எண்ணும் இரட்டைப்படை நாளில் இரட்டைப்படை எண்ணும் என்று கார்கள் முறைவைத்து ஓடின. மீறினால் முதலில் 2,000 ரூபாயும் பின்னர் 4,000 ரூபாயும் அபராதம். கடைசி இலக்கம் ஒருவருக்கு அலுவலகம் செல்லும் வழியையே நிர்ணயித்தது. ஒருபுறம் எண்ணை மறைக்க விரும்புவோர் இருக்க, மறுபுறம் 0001 என்னும் எண்ணுக்குத் தில்லி அரசு 2014-இல் ஐந்து இலட்சம் ரூபாயைத் தொடக்க விலையாக வைத்து ஏலம் தொடங்கியதும் இவ்வூரில்தான்.

2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2021 ஆகஸ்டில் வந்த விதியும் காமிராவின் சாட்சியைச் சலானுக்கு ஆதாரமாக்கின. 2025 ஜூலை முதல் நாள், வயது கடந்த வண்டிக்கு எரிபொருள் தராதிருக்கப் பெட்ரோல் நிலையங்களிலேயே எண் படிக்கும் காமிராக்களை வைத்துப் பார்த்தனர். குறைகளும் எதிர்ப்பும் மிகவே சில நாட்களில் அது நிறுத்திவைக்கப்பட்டது. போலீஸ்காரர் வண்டியைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். காமிரா எண்ணை மட்டுமே பார்க்கும். ஆதலால் ஒருவரின் எண்ணை மற்றொருவர் திருடி ஒட்டிக்கொண்டால், வீட்டில் நிற்கும் வண்டிக்குச் சலான் வந்து சேரும். அவ்வாறு பெற்றவர்கள் உடனே போலீசில் புகார் எழுதிப் பதிவு பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணோடு கள்ள வண்டி நாளை ஒருவரை இடித்தால், முதலில் கதவு தட்டப்படுவது உண்மை உரிமையாளர் வீட்டில்தான். பழைய வண்டியை விற்றவர்கள் உரிமை மாற்றத்தைப் பதிவு செய்யாமல் விடுவதும் அதே ஆபத்தைத் தேடிக்கொள்வதாகும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து வாழும் நம்மவர்க்கு உரிய சில செய்திகளைக் கூறி முடிக்கிறோம். ஊரிலிருந்து டி.என். எண்ணோடு கொணர்ந்த வண்டி தில்லியில் ஓடுவது குற்றமன்று. ஆனால் பன்னிரண்டு திங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால், 47-ஆம் பிரிவின்படி தில்லி எண் பெறவேண்டும்; அதற்கு ஊரிலுள்ள போக்குவரத்து அலுவலகத்திலிருந்து தடையின்மைச் சான்று தேவை. வரி இங்கே புதிதாகக் கட்டி, அங்கே செலுத்தியதில் எஞ்சியதைத் திரும்பக் கேட்கவேண்டும். இத் தொல்லைக்கு அஞ்சிப் பலர் ஆண்டுகள் பலவாக டி.என். பலகையோடே காலம் கழிக்கின்றனர். மாற்றல் மிகுந்த பணியில் இருப்போர்க்காக 2021 செப்டம்பர் 15 முதல் பி.எச். என்னும் பாரதத் தொடர் வந்துள்ளது. பாதுகாப்புத் துறையினரும், மத்திய மாநில அரசு ஊழியரும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உடைய தனியார் நிறுவன ஊழியரும் இதைப் பெறலாம். வரியை இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டலாம். ஊர் மாறினாலும் எண் மாறாது. ஊர் ஊராக மாறிச் செல்லும் குடும்பங்களுக்கு இது பெரும் வசதி.

தமிழ் எழுத்தில் எண்ணை எழுதி மாட்டும் வழக்கம் ஊரில் சிலரிடம் உண்டு. மொழிப்பற்று மெச்சத் தக்கதே. எனினும் விதி ஆங்கில எழுத்தையும் அரபு இலக்கத்தையுமே ஏற்கிறது. லோதி சாலையில் நிற்கும் அரியானாக்காரப் போலீசாரும், அடிபட்டு வீழ்ந்த பீகார்க்காரரும் படிக்க இயலாத பலகை, அவர்களைப் பொறுத்தவரை இல்லாத பலகைதான். புது வண்டியில் ‘விண்ணப்பித்துள்ளேன்’ என்று காகிதம் ஒட்டி ஓட்டுவதும் செல்லாது. தற்காலிகமாகவேனும் பதிவு செய்யாமல் வண்டியை ஒப்படைக்க விற்பனையாளருக்கே உரிமை இல்லை. ஆயுத பூசையன்று பலகைக்குச் சந்தனம் அப்பிக் குங்குமம் இட்டு மாலை சூட்டுகிறோம். அதற்கும் விதியில் விலக்கு எழுதப்படவில்லை. பூசை முடிந்ததும் பலகையை மட்டும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு வண்டியை வெளியே எடுக்கலாம். தகடு உடைந்தாலோ தொலைந்தாலோ கடைத்தெருவில் வேறு எழுதிக்கொள்ளாமல், தொலைந்ததற்குப் புகார் கொடுத்து, பதிவுச் சான்றோடு அங்கீகாரம் பெற்றவரிடமே புதுத் தகடு பெறவேண்டும். அது வரும் வரையில் புகாரின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் வண்டியிலேயே வைத்திருப்பது, 177-ஆம் பிரிவா 192-ஆம் பிரிவா என்று அலுவலர் எண்ணும் அந்த நிமிடத்தில் கைகொடுக்கக் கூடும்.